ஈராக்கில் எதை முதலில் செய்திருக்க வேண்டும்: பாதுகாப்பையா, சுயாட்சியையா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "போரில் ஒரு நாட்டைப் பிடித்த பிறகு முதலில் அமைதியை ஏற்படுத்திவிட்டு, அப்புறம் ஆட்சியை அந்த ஊர்க்காரர்களிடம் ஒப்படைப்பதுதானே முறை? ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அப்படித்தானே செய்தார்கள்? ஈராக்கில் மட்டும் ஏன் எல்லாம் சொதப்பலானது? அமெரிக்கா அவசரப்பட்டதா, தாமதித்ததா?"

இரண்டும் நடந்தது. ராணுவத்தைக் கலைப்பதில் அவசரப்பட்டார்கள், தேர்தலுக்கு ஒப்புக்கொள்வதில் தாமதித்தார்கள். ஆனால் அதற்கும் முன்பே, பாதுகாப்பையும் சுயாட்சியையும் ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசைப்படுத்த முடியும் என்ற நினைப்பிலேயே கோளாறு இருந்தது. துப்பாக்கி ஏந்தும் உள்ளூர்க்காரன் யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுவான் என்பது முடிவாகாதவரை, எத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி கொடுத்தாலும் அது போலீஸ் ஆகாது. 2003 முதல் 2006 வரை ஈராக்கில் நடந்ததை இந்தக் கோணத்தில் பார்த்தால் நிறைய விஷயம் விளங்கும். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு நாட்டைப் பிடித்த படை அங்கே பொது ஒழுங்கையும் மக்களின் பாதுகாப்பையும் மீட்டுத்தர வேண்டும். தவிர்க்கவே முடியாத நிலை வந்தாலொழிய அந்நாட்டுச் சட்டங்களை அப்படியே மதிக்க வேண்டும். 1907 ஹேக் விதிகளின் 43-வது பிரிவு இது. 2003 மே 22-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1483-வது தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் 'ஆக்கிரமிப்பு அரசுகள்' என்றே குறிப்பிட்டது. ஆக, விடுதலை செய்ய வந்தோம் என்று அவர்கள் என்ன சொல்லிக்கொண்டாலும், சட்டப்படி பாக்தாத் தெருவில் நடக்கும் திருட்டுக்கும் அவர்கள்தான் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு முதல் நாளே கைநழுவியது. 2003 ஏப்ரல் 9-ல் அமெரிக்கப் படையிடம் பாக்தாத் விழுந்தது, சதாம் உசேனின் ஆட்சி முடிந்தது. அடுத்த சில நாட்களில் தலைநகரில் இருந்த 23 அமைச்சகக் கட்டடங்களில் 17 சூறையாடப்பட்டன, பல எரிக்கப்பட்டன. நாற்காலி, மேசை, கழிவறைக் குழாய், சுவருக்குள் இருந்த செப்புக் கம்பி வரை உருவிக்கொண்டு போனார்கள். தேசிய அருங்காட்சியகத்தில் இருந்து ஏறத்தாழ 15,000 பொருட்கள் காணாமல் போயின. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் அமெரிக்கக் காவல் இருந்தது; இதை ஈராக்கியர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட் வாஷிங்டனில் நிருபர்களிடம், சுதந்திரம் வரும்போது இப்படியெல்லாம் நடப்பது சகஜம்தான் என்ற தொனியில் பேசினார்.

அருங்காட்சியகத்தைப் பற்றி உலகமே பேசியது. ஆனால் பின்னாளில் அதிக உயிர்களைக் குடித்தது இன்னொரு கொள்ளை. நாடு முழுக்க ஆயுதக் கிடங்குகள் காவலின்றித் திறந்து கிடந்தன. பாக்தாதுக்குத் தெற்கே அல் காகா என்ற இடத்தில் இருந்து மட்டும் 300 டன்னுக்கு மேல் உயர்ரக வெடிமருந்து காணாமல் போனது. சாலையோரக் குண்டுகளுக்கான பீரங்கிக் குண்டுகளை யாரும் வெளிநாட்டிலிருந்து கடத்தி வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

காவலுக்கு ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் எளிய கணக்குதான். பாஸ்னியா, கொசோவோ அனுபவங்களை வைத்துப் பார்த்தவர்கள், 1,000 மக்களுக்கு ஏறக்குறைய 20 பாதுகாப்புப் படையினர் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஈராக்கின் மக்கள்தொகை அப்போது சுமார் 2.5 கோடி. அப்படியானால் 5 லட்சம் பேர். போருக்கு முன்பே, 2003 பிப்ரவரியில், அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஷின்செகி நாடாளுமன்றக் குழுவிடம் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். பென்டகன் தலைமை அவரைப் பகிரங்கமாகவே மறுத்தது. இருந்ததோ ஒன்றரை லட்சத்தைச் சுற்றி. இந்தியாவிடம்கூட ஒரு முழு டிவிஷன் கேட்டார்கள். வாஜ்பாய் அரசு பல வாரம் யோசித்துவிட்டு, 2003 ஜூலை 14-ல், ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் வர முடியாது என்று சொல்லிவிட்டது. நம் ஆட்கள் மோசூல் பக்கம் போய் நிற்காமல் தப்பித்தது அந்த முடிவால்தான்.

சரி, வெளியாட்கள் போதவில்லை என்றால் உள்ளூர் ஆட்கள்தான் வழி. அதைத்தான் மே மாதத்தில் தங்கள் கையாலேயே அடைத்தார்கள்.

முதலில் நிர்வாகத்துக்கு வந்தவர் ஓய்வுபெற்ற ஜெனரல் ஜே கார்னர். மேல்மட்டத்தில் சிலரை நீக்கிவிட்டு, ஈராக் ராணுவத்தையும் அமைச்சகங்களையும் வைத்தே வேலையை ஓட்டி, சீக்கிரம் ஒரு இடைக்கால அரசை அமைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். மே 12-ல் அவருக்குப் பதிலாக, ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் பாக்தாதில் வந்து இறங்கினார். மே 16-ல் அவருடைய ஆணை எண் 1: சதாமின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலைகளில் இருந்தவர்கள் அனைவரும் அரசு வேலையிலிருந்து நீக்கம். மே 23-ல் ஆணை எண் 2: ராணுவம், பாதுகாப்பு அமைச்சகம், உளவு அமைப்புகள் எல்லாம் கலைப்பு. இரண்டுக்கும் இடையே ஒரே வாரம்.

முதல் ஆணையின் அடி யார்மேல் விழுந்தது என்று பாருங்கள். நான்காவது படிநிலை என்பது பெரிய பதவியே இல்லை. பள்ளித் தலைமை ஆசிரியர், மருத்துவமனைத் துறைத் தலைவர், மின்வாரியப் பொறியாளர் போன்றவர்கள் பதவி உயர்வுக்காக வாங்கி வைத்திருந்த தகுதி அது. நீக்கப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் ஆசிரியர்கள். போதாததற்கு, தனித்தனியாக விலக்கு அளிக்கும் அதிகாரத்தைப் பிறகு, சதாமை எதிர்த்துப் பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து திரும்பிய அஹ்மத் சலபி தலைமையிலான ஈராக்கிய அரசியல்வாதிகளின் குழுவிடம் கொடுத்தார்கள். அது பழிவாங்கும் கருவியாகிப்போனது. அப்படிக் கொடுத்தது தவறு என்று பிரெமரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது ஆணைக்குப் பிரெமர் தரப்பு சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். ராணுவம் ஏற்கெனவே தானாகக் கரைந்துவிட்டது, முகாம்களில் கதவு ஜன்னல்கூட மிச்சமில்லை, கட்டாயச் சேவையில் இருந்த, நாட்டின் பெரும்பான்மை முஸ்லிம் பிரிவான ஷியா சிப்பாய்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், வடக்கே வாழும் தனி இனத்தவரான குர்துகளும் ஷியா கட்சிகளும் பழைய ராணுவம் திரும்புவதை ஏற்கமாட்டார்கள் என்பார்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் வீட்டுக்குப் போன சிப்பாயைச் சம்பளம் தருகிறோம் வா என்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். பாக்தாதில் இருந்த அமெரிக்க அதிகாரிகள் சிலர் பழைய அதிகாரிகளோடு பேசி, பெயர்ப் பட்டியல்களையும் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் இருந்தவர்களுக்கே ஆணை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கர்னலும் அதற்கு மேலும் இருந்தவர்கள் எல்லோரும் மூத்த பாத் கட்சிக்காரர்களாகவே கருதப்படுவார்கள் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. அதாவது பணமும் கிடையாது, எதிர்காலமும் கிடையாது. ஆயுதம் எங்கே புதைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று மற்ற யாரையும்விட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஜூன் 18-ல் முன்னாள் சிப்பாய்கள் சம்பளம் கேட்டு பிரெமரின் அலுவலக வாசலில் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஐந்து நாள் கழித்து மாதம் 50 முதல் 150 டாலர் வரை உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. அதையே மே 23 அன்று அறிவித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? எனக்கு இன்றும் புரியாத கேள்வி இது.

ஜெர்மனி, ஜப்பான் பற்றிக் கேட்டீர்கள். பிரெமரும் அந்த இரண்டையும் உதாரணம் காட்டினார். ஆனால் அங்கே நடந்தது வேறு மாதிரி.

ஜப்பானில் ராணுவத்தை அடியோடு கலைத்தது உண்மைதான். ஆனால் யார் மூலமாகக் கலைத்தார்கள்? 1945 டிசம்பரில் ஜப்பானின் தரைப்படை அமைச்சகமும் கடற்படை அமைச்சகமும் படைக்கலைப்பு அமைச்சகங்களாகப் பெயர் மாறின. அதே அதிகாரிகள், அதே கோப்புகளை வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான சிப்பாய்களைக் கணக்கெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேரரசர் இருந்தார், அமைச்சரவை இருந்தது, ஊர்ப் போலீஸ் இருந்தது. ஆக்கிரமிப்புப் படையின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் உத்தரவு போட்டால் நிறைவேற்ற ஒரு அரசு உயிரோடு இருந்தது. சரணடைந்த எட்டாவது மாதமே, 1946 ஏப்ரல் 10-ல், பொதுத்தேர்தல். பெண்கள் முதல்முறையாக வாக்களித்து, 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். ஆக்கிரமிப்பு முடிந்ததோ 1952 ஏப்ரலில். 'முதலில் அமைதி, கடைசியில் தேர்தல்' என்ற வரிசையை அங்கே யாரும் பின்பற்றவில்லை.

ஜெர்மனியில் மத்திய அரசே இல்லாமல் போயிருந்தது. அப்படியிருந்தும் அமெரிக்க மண்டலத்தில் 1946 ஜனவரியிலேயே சின்ன ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று தன் ஆட்களே தயங்கியபோது அங்கே நிர்வாகத்தைக் கவனித்த அமெரிக்க ஜெனரல் லூசியஸ் கிளே விடாப்பிடியாக நடத்தினார். ஊர், மாநிலம், அப்புறம் 1949-ல் அடிப்படைச் சட்டம் என்று கீழிருந்து மேலே போனார்கள். நாஜிகளைக் களையெடுத்ததும் முதலில் அமெரிக்கர்களின் 131 கேள்விகள் கொண்ட படிவத்தில்தான் தொடங்கியது. மலைமலையாகப் படிவங்கள் குவிந்து மூச்சு முட்டியதும், 1946 மார்ச்சில் அந்த வேலையை ஜெர்மன் தீர்ப்பாயங்களிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள் பெரும்பாலானோரை 'கூடவே ஓடியவர்' என்ற லேசான பிரிவில் போட்டு, அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். நீதி என்ற கண்ணோடு பார்த்தால் வெட்கக்கேடான சமரசம். ஆனால் நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தன் வழக்கைச் சொல்ல ஒரு இடமும் திரும்பி வர ஒரு வழியும் இருந்தன. ஈராக்கில் விலக்குக் கேட்டுப் போனவருக்குக் கிடைத்தது சலபியின் குழு.

இனி சுயாட்சிப் பக்கம் வருவோம். 2003 ஜூலை 13-ல் 25 பேர் கொண்ட ஆளுகைக் குழுவை அமைத்தார்கள். 13 ஷியா, 5 சுன்னி அரபு (சதாம் காலத்தில் அதிகாரத்தில் இருந்த சிறுபான்மை முஸ்லிம் பிரிவு), 5 குர்து, 1 துருக்மேன், 1 அசீரியக் கிறித்தவர் என்று கணக்குப் பார்த்த நியமனம். தலைவர் பதவி மாதம் ஒருவர் கைக்கு மாறும். இறுதி அதிகாரம் பிரெமரிடம். பாக்தாதில் மின்சாரம் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்றால், குழுவைக் கேட்டால் பிரெமரைக் கை காட்டும். பிரெமரின் அலுவலகமோ சதாமின் பழைய மாளிகையில், கான்கிரீட் சுவர்களுக்குள். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் குழுவில் நிறைய. மதவாரி, இனவாரிப் பங்கீட்டை அரசாங்கத்தின் அஸ்திவாரமாக வைத்தது இங்கேதான். அந்தப் பழக்கம் ஈராக்கை இன்னும் விடவில்லை.

பிரெமரின் திட்டம் ஏழு படிகள் கொண்டது. நியமனக் குழு ஒரு அரசியலமைப்பை எழுதி, அதை மக்கள் ஏற்று, பிறகு தேர்தல், அதற்கும் பிறகு அதிகாரம். இதைத் தடுத்து நிறுத்தியது ஆயுதக் குழு அல்ல. நஜஃப் நகரில் ஒரு சந்துக்குள் எளிய வீட்டில் இருந்த முதிய மதகுரு அயத்துல்லா சிஸ்தானி. ஜூன் கடைசியிலேயே அவர் ஒரு ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, கொடுத்திருந்தார்: அரசியலமைப்பை எழுதும் சபை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பாளர் நியமிக்கும் சபைக்கு அந்த உரிமை இல்லை.

சிஸ்தானியின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது. 1917-ல் பிரிட்டிஷ் படை பாக்தாதைப் பிடித்தபோதும் தளபதி மோட், வென்றவர்களாக வரவில்லை, விடுவிக்க வந்தோம் என்றுதான் அறிக்கை விட்டார். அந்தப் படையில் பெரும் பகுதி இந்தியச் சிப்பாய்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையும் அங்கே இருந்தது. 1920-ல் ஷியா மதகுருமாரின் ஆதரவோடு பெரும் கிளர்ச்சி வெடித்தது. அதை நசுக்கிய பிறகு பிரிட்டன் ஃபைசலை மன்னராக்கி, சுன்னி அதிகாரிகளை வைத்து அரசு நடத்தியது. எண்ணிக்கையில் பெரும்பான்மையான ஷியாக்கள் எண்பது ஆண்டுகள் ஆட்சிக்கு வெளியே நின்றார்கள். இந்த முறை துப்பாக்கி எடுக்காமல் ஓட்டுப் பெட்டியைப் பிடிப்பது என்று நஜஃப் முடிவு செய்திருந்தது.

நவம்பர் 15-ல் வாஷிங்டன் திட்டத்தை மாற்றியது: 2004 ஜூன் 30-க்குள் ஆட்சியை ஒப்படைப்போம், ஆனால் மாகாணங்களில் தேர்ந்தெடுத்த பிரமுகர் கூட்டங்கள் மூலம் சபையை அமைப்போம் என்றார்கள். சிஸ்தானி மறுத்தார். ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாதிலும் பெரும் கூட்டம் தெருவில் இறங்கித் தேர்தல் கேட்டது. ஜனநாயகம் கொண்டுவந்தோம் என்ற படையிடம் மக்கள் ஊர்வலம் போய்த் தேர்தல் கேட்ட காட்சி அது. வாக்காளர் பட்டியல் இல்லை, அதனால் தேர்தல் முடியாது என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. ரேஷன் பட்டியல் இருக்கிறதே என்றது சிஸ்தானி தரப்பு.

இந்த ரேஷன் விஷயம் நமக்கு எளிதில் புரியும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இருந்து ஈராக்கில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய், தேயிலை மாதாமாதம் ரேஷனில் போய்க்கொண்டிருந்தன. போர் நடந்தும் அந்தப் பட்டியல் பிழைத்துக் கிடந்தது. குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர்கள், வயது எல்லாம் அதில் இருந்தன. பிப்ரவரியில் வந்த ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி இரு தரப்புக்கும் பாதிப் பாதி கொடுத்தார்: ஜூன் 30-க்கு முன் நேர்மையான தேர்தல் நடத்த முடியாது, ஆனால் தேர்தல்தான் சரியான வழி, ஆண்டுக் கடைசியிலோ 2005 தொடக்கத்திலோ வைக்கலாம் என்றார். கடைசியில் எந்தப் பட்டியலை வைத்துத் தேர்தல் நடத்தினார்கள் தெரியுமா? 2004 நவம்பரில் ரேஷன் பொருள் வாங்கப் போனவர்களின் கையில், பெயர் சரிபார்க்கும் வாக்காளர் படிவத்தையும் கொடுத்தார்கள். முன்பு கிடையாது என்று ஒதுக்கிய அதே பட்டியல்.

அந்த இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 2003 ஆகஸ்ட் 19-ல் பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் இருந்த கனால் ஹோட்டலில் லாரிக் குண்டு வெடித்து, ஈராக்குக்கான ஐ.நா. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். கிழக்குத் தைமூரில் ஐ.நா. நிர்வாகத்தை நடத்தி, ஆட்சியைத் தைமூர்க்காரர்களிடம் ஒப்படைத்த அனுபவம் உள்ள மனிதர். ஆக்கிரமிப்பு என்பது எவ்வளவு அவமானம் என்று பிரெமருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். பத்து நாளில் நஜஃபில் மசூதி வாசலில் ஷியா கட்சித் தலைவர் அயத்துல்லா முகம்மது பாகிர் அல் ஹகீம் கொல்லப்பட்டார்.

பாதுகாப்புப் படை கட்டும் வேலை எண்ணிக்கைப் பந்தயமாக நடந்தது. 6,000-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் போலீஸ் ஆலோசகர்கள் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒரு அமெரிக்க நிபுணர் குழு சொன்னது. முதல் சில மாதங்களில் வந்து சேர்ந்தவர்கள் சில பத்துப் பேர். ஆனால் 2004 தொடக்கத்தில் 2 லட்சத்துக்கும் மேல் ஈராக்கியப் படையினர் இருப்பதாக வாஷிங்டன் அறிவித்தது. ஏப்ரலில் சோதனை வந்தது. இளம் ஷியா மதகுரு முக்ததா அல் சதரின் பத்திரிகையை மூடியதில் தெற்கே கிளர்ச்சி, ஃபலூஜாவில் நான்கு அமெரிக்கத் தனியார் பாதுகாவலர்கள் கொல்லப்பட்டதில் மேற்கே முற்றுகை, இரண்டும் ஒரே நேரத்தில். புதிய ராணுவத்தின் ஒரு பட்டாலியன் ஃபலூஜாவுக்குப் போக மறுத்துப் பாதி வழியில் திரும்பியது. ஈராக்கியர்களோடு சண்டை போடவா சேர்ந்தோம் என்று சிப்பாய்கள் கேட்டார்கள். பாக்தாதில் இருந்த அமெரிக்க ஜெனரல் டெம்ப்சி சொன்ன கணக்குப்படி, படையினரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், 10 சதவீதம் பேர் எதிர்த்தரப்பில் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

இதைப் பயிற்சிக் குறைபாடு என்று எழுதியவர்கள் நிறைய. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சிப்பாயின் இடத்தில் நின்று பாருங்கள். உத்தரவு கொடுப்பது வெளிநாட்டு அதிகாரி. மேலே தன் நாட்டுப் பிரதமர் என்று ஒருவர் கிடையாது. ஜுமா தொழுகையில் இமாம், இந்தப் படையில் சேர்ந்தவன் துரோகி என்கிறார். தன்னைச் சுட்டுக் கொன்றால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் யார் தருவார்கள் என்று தெரியாது. 2004 அக்டோபரில் பயிற்சி முடித்த ஏறக்குறைய 50 புதுச் சிப்பாய்கள் சீருடையும் ஆயுதமும் இல்லாமல் மினி பஸ்களில் விடுப்புக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஈரான் எல்லைப் பக்கம் போலிச் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி, எல்லோரையும் சாலையில் படுக்கவைத்துத் தலையில் சுட்டுக் கொன்றார்கள். எந்த நாள், எந்தப் பாதை என்று கொலைகாரர்களுக்கு உள்ளேயிருந்தே தகவல் போயிருக்கலாம் என்று ஈராக் அதிகாரிகளே சந்தேகித்தார்கள். 2005 பிப்ரவரி 28-ல் ஹில்லாவில் போலீஸ் வேலைக்கு மருத்துவப் பரிசோதனை வரிசையில் நின்றவர்கள் மத்தியில் கார் குண்டு; செத்தவர்கள் 120-க்கும் மேல். அதற்குப் பிறகும் வரிசைகள் நின்றன. சம்பளத்துக்காக உயிரைப் பணயம் வைக்க ஆட்கள் இருந்தார்கள். எந்தக் கொடிக்காக என்று கேட்டால் மட்டும் ஒரே பதில் வரவில்லை.

2004 ஜூன் 28-ல், குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே, தாக்குதலுக்குப் பயந்து, ஒரு சின்ன அறையில் சில பேர் முன்னிலையில் இறையாண்மைப் பத்திரம் கைமாறியது. பிரெமர் அன்றே விமானம் ஏறினார். அயாத் அல்லாவி பிரதமர் ஆனார். அமெரிக்கப் படை ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1546-வது தீர்மானத்தின் கீழ் அப்படியே இருந்தது.

2005 ஜனவரி 30 தேர்தல் நாளை அப்போது தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாகனங்களுக்குத் தடை, எல்லைகள் மூடல். வயதானவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 111 பட்டியல்கள் அச்சிட்ட வாக்குச்சீட்டு ஒரு மேசை விரிப்பு அளவு இருந்தது. வேட்பாளர்கள் பலருடைய பெயரே உயிர்ப் பயத்தால் கடைசி வரை வெளியிடப்படவில்லை. பல வாக்குச் சாவடிகள் குண்டுவீச்சுக்கு ஆளாகியும் 58 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டுவிட்டு ஊதா மை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அன்று வாக்குச் சாவடிகளின் உள்வட்டத்தில் நின்றது ஈராக் போலீஸும் ராணுவமும். ஏப்ரலில் ஓடியது போல இம்முறை ஓடவில்லை. காப்பாற்ற வேண்டிய பொருள் தங்களுடையது என்று நினைத்தார்கள்.

ஆனால் அதே தேர்தலில் ஒரு பெரிய பிழையும் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லாததால், மாகாணத் தொகுதிகள் வேண்டாம், நாடு முழுவதும் ஒரே தொகுதி என்று வைத்தார்கள். நிர்வாகத்துக்குச் சுலபம். விளைவு என்ன? சுன்னிகள் பெரும்பான்மையான அன்பார் மாகாணத்தில் வெறும் 2 சதவீத வாக்குப்பதிவு. மாகாணவாரி இடங்கள் இருந்திருந்தால் 2 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டாலும் அன்பாருக்கான இடங்கள் அன்பாருக்கே போயிருக்கும். ஒரே தொகுதி என்பதால் புறக்கணித்தவர்களின் இடம் மற்றவர்களுக்குப் போனது. 275 பேர் சபையில் சுன்னி அரபுகள் 17 பேர். அவர்கள் ஏறக்குறைய இல்லாமலே அரசியலமைப்பு எழுதப்பட்டது. அக்டோபர் 15 வாக்கெடுப்பில் அன்பாரில் 97 சதவீதமும் சலாஹுத்தீனில் 82 சதவீதமும் 'வேண்டாம்' என்றன. மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்தால் தோற்றுவிடும் என்பது விதி; மூன்றாவதான நினவேயில் எதிர்ப்பு 55 சதவீதத்தில் நின்றது. அரசியலமைப்பு நிறைவேறியது, ஒரு சமூகம் முழுக்க வெளியே நின்றது. டிசம்பர் தேர்தலுக்கு மாகாணத் தொகுதிகளைக் கொண்டுவந்தார்கள். அன்பாரில் கூட்டம் கூட்டமாக வந்து ஓட்டுப் போட்டார்கள். பதினோரு மாதம் தாமதம்.

இதற்கிடையே வென்ற கட்சிகள் அமைச்சகங்களைப் பங்கு போட்டன. உள்துறை, ஷியா ஆயுதக் குழுவான பத்ர் அமைப்பைச் சேர்ந்த பயான் ஜப்ருக்குப் போனது. 2005 நவம்பரில் பாக்தாத் ஜாதிரியாவில் உள்துறைக்குச் சொந்தமான நிலவறை ஒன்றில் 160-க்கும் மேற்பட்ட கைதிகளை அமெரிக்கர்கள் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் சுன்னிகள், பலர் சித்திரவதைக் காயங்களோடு. போலீஸ் சீருடைக்கு இப்போது ஒரு எஜமான் கிடைத்துவிட்டான். ஆனால் அவன் பாதி நாட்டுக்கு எதிரி. 2006 பிப்ரவரி 22-ல் ஷியாக்களின் புனிதத் தலமான சமாரா தர்கா தகர்க்கப்பட்டதும் வெடித்த உள்நாட்டுப் போரில் அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டே ஆட்களைக் கடத்தினார்கள்.

பாதுகாப்பு திரும்பியது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் கூடுதலாக வந்த 30,000 அமெரிக்க வீரர்களுக்குத்தான் வழக்கமாகப் பெயர் போகும். அது பாதிக் கதை. அதற்கு முன்பே, 2006 செப்டம்பரில், ரமாதியில் அப்துல் சத்தார் அபூ ரிஷா என்ற இளம் ஷேக்கும் சில குலத் தலைவர்களும் அல் காய்தாவுக்கு எதிராகத் திரும்பினார்கள். அங்கே இருந்த அமெரிக்கக் கர்னல் மேக்ஃபார்லண்ட் ஒரு சின்ன விஷயத்தைச் செய்தார்: போலீஸில் சேர்பவன் தன் குலத்தின் பகுதியிலேயே வேலை பார்க்கலாம், வேறு ஊருக்கு அனுப்பமாட்டோம். காவல் நிலையங்களையும் குலங்கள் குடியிருக்கும் இடங்களிலேயே வைத்தார். முன்பு மாதத்துக்கு ஒரு கை அளவு ஆள் கிடைத்த ஊரில் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். தன் தெருவை, தன் தாய்மாமனின் கடையைக் காக்கும் வேலை என்றால் அவனை ஓடவைப்பது கஷ்டம். அந்த இயக்கம் பரவி ஒரு லட்சம் பேர் வரை மாதம் 300 டாலர் சம்பளத்தில் காவலுக்கு நின்றார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவரை அரசுப் படையில் சேர்ப்பதாக பாக்தாத் ஒப்புக்கொண்டது. ஷியா கட்சிப் பிரதமர் மாலிகியின் அரசு அதை இழுத்தடித்தது.

"அமெரிக்கா சீக்கிரம் போனதுதான் தப்பு" என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்கப் படை வெளியேற வேண்டிய 2011 டிசம்பர் 31 என்ற தேதி, 2008 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்திலேயே இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஈராக் அரசு மாதக்கணக்கில் பேரம் பேசி வாங்கிய தேதி அது. பிறகும் கொஞ்சம் படை இருக்கலாம் என்று 2011-ல் பேசினார்கள். அமெரிக்க வீரர்களுக்கு ஈராக் நீதிமன்றத்திலிருந்து விலக்கு வேண்டும் என்ற நிபந்தனையில் பேச்சு முறிந்தது. அபூ கரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்களைப் பார்த்த மக்களிடம் ஓட்டுக் கேட்கும் எந்த எம்.பி.யும் அதற்குக் கை தூக்கியிருக்கமாட்டார்.

2014 ஜூன் 10-ல் மோசூலில் ராணுவம் ஆயுதத்தையும் சீருடையையும் போட்டுவிட்டு ஓடியது. ஐ.எஸ். தரப்பில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அந்த ஆண்டு நவம்பரில் புதிய பிரதமர் அபாதி நாடாளுமன்றத்தில் சொன்னார்: நான்கு டிவிஷன்களில் மட்டும் 50,000 சிப்பாய்கள் பட்டியலில் இருக்கிறார்கள், ஆள் இல்லை, அவர்கள் பெயரில் சம்பளம் மட்டும் அதிகாரிகளின் பைக்குப் போய்க்கொண்டிருந்தது. மாலிகி எட்டு ஆண்டுகளில் தளபதிகளைத் திறமை பார்த்து நியமிக்காமல் தனக்கு வேண்டியவரா என்று பார்த்தே நியமித்தார். படைப்பிரிவுகளுக்கு உத்தரவு அவர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் நேராகப் போகும். மோசூல்காரர்கள் அந்த ராணுவத்தின் சாவடிகளில் தினமும் அவமானப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓடியபோது நகரத்தில் பெரும்பாலானோர் தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை.